குணவதி தேய்த்த மெழுகு

குணவதிக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. ஒருவரைப் பிடிக்காமல் போக வேண்டுமென்றால் முதலில் அவரை ஓர் ஆளாக மதிக்க வேண்டும். குணவதி அந்த அளவுக்கு யாருக்கும் இடம் கொடுத்ததில்லை.

கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவில், பெரிய சாலையை விட்டு ரப்பர் மரங்களுக்குள் திரும்பும் செம்மண் பாதையில் நடராஜாவின் மரப்பட்டறை இருக்கிறது. சாமி மேடை, கதவு, கட்டில், சமையலறை அலமாரி என்று யார் எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார்கள். அங்கே இயந்திரப் பகுதி முழுவதும் குணவதியின் கையில். மேசை ரம்பம், இழைப்பு இயந்திரம், பலகையைக் கோணம் மாறாமல் பிடித்து ரம்பத்துக்குத் தள்ளிக்கொடுக்கும் மரச்சட்டங்கள், அதாவது பட்டறையில் ஜிக் என்று சொல்வது, எல்லாவற்றையும் மேற்பார்க்கிற மண்டோர் அவள்தான். முதலாளி என்று பெயருக்கு நடராஜா இருந்தார். ரொம்ப நல்ல மனிதர். அதாவது ஒன்றுக்கும் உதவாதவர். யார் எதைச் சொன்னாலும் "ஓகேலா, பாத்துக்கலாம்" என்பார். எதையும் பார்த்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

குணவதி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியில் மூன்றாம் பாரம் முடிந்ததும் சுங்கை பட்டாணியில் ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்குப் போனாள். மரத்தூள் கூட்டுகிற வேலை. கூட்டிக்கொண்டே இயந்திரத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தாள். ஒரு நாள் ரம்பத்துக்காரன் வராதபோது அவள் போய் நின்றாள், அதற்குப் பிறகு அவனுக்கு அங்கே வேலை இல்லை. யாரிடம் தொழில் கற்றாய் என்று கேட்டால் அவள் ஒரு பெயரும் சொல்லமாட்டாள்.

"அந்த மடையனுங்க செய்யறதப் பாத்தேன். இப்படிச் செய்யக்கூடாதுன்னு புரிஞ்சுக்கிட்டேன். அவ்வளவுதான் படிப்பு" என்பாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் பல பேர். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து ஏதாவது சொன்னார்கள், அவள் பதில் சொன்னாள், அவர்கள் பலகாரத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளி வேன் ஓட்டும் பழனியாண்டி மட்டும் வந்ததிலிருந்து போகும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால் அவர் தேறினார். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அந்த நல்ல பழக்கத்தை விடவில்லை.

பட்டறையில் குணவதியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் மெழுகைப் பற்றி வாயைத் திறந்தால் போதும். பலகை இரும்பு மேசைமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் சிக்கினால் தள்ளுகிற கை தடுமாறும், ரம்பம் ஓடும்போது கை தடுமாறினால் விரல் மிஞ்சாது. அதோடு கெடாவின் ஈரக்காற்றுக்கு மெழுகு பூசாத இரும்பு மழைக்காலம் முடிவதற்குள் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். மெழுகு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த மெழுகு என்பதில்தான் மற்ற எல்லாரும் முட்டாள்களாக இருந்தார்கள்.

அவள் வருவதற்கு முன்னால் இருந்தவர்கள் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். எண்ணெயில் தூள் ஒட்டி, மேசை பலகாரச் சட்டியின் அடிப்பக்கம்போல ஆகியிருந்தது. "பலகை அறுக்கறீங்களா, வடை சுடறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் முதல் நாள் முழுக்கச் சுரண்டினாள். இன்னொருவன் முகப்பவுடர் போட்டுப் பார்த்தான். "மேசைக்குப் பொட்டும் வச்சு விடு, பொண்ணு கேட்டு வருவாங்க" என்றாள். துணிச்சோப்பைத் தேய்த்தவன் ஒருவன், நன்றாக வழுக்குகிறது என்று பெருமைப்பட்டான். சோப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, அவன் தேய்த்த கோடெல்லாம் துருக்கோடாகத் தெரிந்தபோது அவனை மேசை முன்னால் நிற்கவைத்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் மறுவாரம் கூலிமில் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

தேன்மெழுகு உசத்தி என்று சொன்னவர் விக்னேஸ்வரன். இன்சூரன்ஸ் விற்கிறவர், தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர், பட்டறைக்குச் சாமி மேடை வாங்க வந்தவர். வந்த வேலையை விட்டுவிட்டு, யூடியூப்பில் வெள்ளைக்காரர்கள் தேன்மெழுகுதான் போடுகிறார்கள் என்று ஆரம்பித்தார்.

"அவங்க ஊர்ல குளிரு, சார். நம்ம ஊரு வெயில்ல அது பிசுபிசுன்னு பலகையப் புடிச்சு இழுக்கும். நீங்க ஆளப் புடிச்சு இழுக்கற மாதிரி" என்றாள் குணவதி. விக்னேஸ்வரன் சாமி மேடையை வேறு கடையில் வாங்கிக்கொண்டார்.

மெழுகுவர்த்தியை மட்டும் அவள் பாதி மன்னித்தாள். ஜிக்கின் அடியில் ஓடும் மரக்கட்டைக்கு அது சரி, தேய்த்தால் உள்ளே இறங்கி மரத்தோடு மரம் வழுக்கும். இரும்புக்கு ஆகாது, திட்டுத்திட்டாக நின்றுகொள்ளும். இரும்பு மேசைக்கு அவள் போட்டது வீட்டுத் தரைக்குப் போடுகிற டின் மெழுகு. துணியில் துளி எடுத்து, போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிசாகத் தேய்த்து, மங்கலாகக் காயும்வரை விட்டு, வேறு துணியால் துடைத்தெடுப்பாள். பிறகு கனத்த பலகையும் ஒரு தள்ளலுக்குப் போகும். வார்னிஷுக்கும் அதனால் கெடுதல் இல்லை.

இதிலெல்லாம் அவள் சொன்னது சரி. அதுதான் மற்றவர்களுக்குக் கஷ்டம். தப்பாகப் பேசித் திட்டுகிறவளை எதிர்த்துப் பேசலாம். சரியாகப் பேசித் திட்டுகிறவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கத்தான் முடியும்.

அவள் மெழுகு விஷயத்தில் தடுமாறியது வருடத்தில் ஒரே ஒரு நாள். அது ஆயுத பூஜை.

அவள் பட்டறைக்கு வந்த புதிதில், பூஜையன்று மேசை ரம்பத்துக்குச் சந்தனமும் குங்குமமும் குழைத்து வைத்து, எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி மேசைமேலேயே வைத்துவிட்டார்கள். மறுநாள் பூஜையைக் கலைக்கக் கூடாது, இயந்திரத்தைத் தொடக் கூடாது. அதற்கு அடுத்த நாள் பார்த்தால் சந்தனம் வைத்த இடமெல்லாம் துரு வட்டம், எலுமிச்சைச் சாறு ஓடிய இடத்தில் இரும்பே அரித்திருந்தது. சாமி பேரைச் சொல்லி இயந்திரத்தைக் கொல்லுகிறார்கள் என்று அவள் கத்தினாள். அடுத்த வருடம் பூஜைக்கு முன்னால் டின் மெழுகு பூசினாள். துரு வரவில்லை, ஆனால் விளக்கு வைத்தபோது மேசை மங்கலாக, குளிக்காமல் கோயிலுக்கு வந்தவர்போல இருந்தது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. வருடம் முழுக்கத் தான் துடைத்துப் பாதுகாக்கும் மேசை, சாமிக்கு முன்னால் ஜொலிக்க வேண்டாமா?

அதற்கடுத்த வருடம், கணவரின் வேனில் கிடந்த கார் பாலிஷ் புட்டியை எடுத்துவந்தாள். தேய்த்தாள். மேசை கண்ணாடியானது, தீபாராதனையின் சுடர் அதில் அப்படியே தெரிந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்தது, சாறு முத்து முத்தாக உருண்டு ஓடியது, துருவின் சுவடே இல்லை. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தவர்கள் சாமியைச் சரியாகப் பார்க்கவில்லை. இந்த யோசனை வேறு எந்த மடையனுக்கும் வராது என்று அவளே எல்லாரிடமும் சொன்னாள். அதற்குப் பிறகு எந்த ஆயுத பூஜைக்கும் கார் பாலிஷ் தவறவில்லை. பூஜை முடிந்து வேலை தொடங்கும் நாளில் அவள் வரும்போது பளபளப்பு போயிருக்கும். சந்தனம் எடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பழையபடி டின் மெழுகைத் தேய்த்து வேலையை ஆரம்பிப்பாள்.

வார்னிஷ் அடிக்கிற பரஞ்சோதியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சொல்லிக்கொள்கிற மாதிரியான ஆளில்லை. எப்போதும் தாமதமாக வருவான், வந்ததும் போனை நோண்டுவான், மதியத்தில் சர்க்கரையைக் குறைக்கும், முடியை வளர்க்கும் என்று ஏதோ ஒரு மூலிகைக் கோப்பியை எல்லார் தலையிலும் கட்டப் பார்ப்பான். அவன் முடியே உதிர்ந்துகொண்டிருந்தது. குணவதி பட்டறையில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் இளக்காரம் வைத்திருந்தாள் என்றால், பரஞ்சோதிக்கு மொத்தமாக வைத்திருந்தாள். இந்த வருடம், பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், அவன் யாரும் கேட்காமல் இழைப்பு இயந்திரத்தின் மேசையில் மெழுகுவர்த்தியைக் கட்டிகட்டியாகத் தேய்த்துவைத்தான்.

"மெழுகுவர்த்தியக் கேக்குல குத்தி உன் பொறந்த நாளக் கொண்டாடு. நீ பொறந்ததே வீண்தான், அதையாவது கொண்டாடின மாதிரி இருக்கும்" என்றாள் குணவதி, எல்லாரும் கேட்க.

பரஞ்சோதி ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்தான். கோப்பிப் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஜித்ராவில் மச்சான் நடத்தும் கார் பெயிண்ட் கடைக்குப் போய்விட்டான். நடராஜா "பாத்துக்கலாம்லா" என்றார். அவன் இடத்துக்கு ஜமால் என்ற வங்காளதேசத்து ஆள் வந்தான். வேலை தெரிந்தவன், தமிழ் தெரியாதவன். குணவதியிடம் வேலை செய்ய அதைவிடப் பெரிய கொடுப்பினை இல்லை.

இதற்கு முன்பே கோயில் கதவு விவகாரம் வந்திருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கார்த்திகையில் கும்பாபிஷேகம். தோட்டம் கைமாறி, ஆட்களெல்லாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போன பிறகும் கோயில் அங்கேயே இருந்தது. கருவறைக்குப் புதுக் கதவு வேண்டும். பினாங்கிலிருந்து இந்தியக் கதவை வரவழைக்கலாம் என்றார் விக்னேஸ்வரன். ஆடிமாதக் கூட்டத்தில் குணவதி எழுந்தாள்.

"கப்பல்ல வர்ற கதவு நம்ம ஊரு மழையில உப்பிக்கிட்டு, அம்மா உள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கணுமா? செங்கால் மரத்துல நான் செஞ்சு தர்றேன். அதுல ஒரு குறை இருந்துச்சுன்னா, கும்பாபிஷேகத்தன்னிக்கே என் மூஞ்சியில கரியப் பூசுங்க. எல்லாரும் நின்னு சிரிங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் அவளிடம் ஏதாவது ஒரு நாள் மூக்கறுபட்டவர்கள். அவர்கள் உடனே கைதூக்கிச் சம்மதித்தார்கள். கதவு நன்றாக வரும் என்ற நம்பிக்கையில் எத்தனை பேர், வராது என்ற ஆசையில் எத்தனை பேர் என்று மாரியம்மனுக்குத்தான் தெரியும். குணவதிக்கு வலி தெரியாது, கஷ்டம் தெரியாது, ஒன்றே ஒன்றுக்குத்தான் அவள் பயந்தாள். இத்தனை வருடமும் அவள் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது.

ஆயுத பூஜை வந்தது. மேசையைக் கார் பாலிஷ் போட்டுக் கண்ணாடியாக்கினாள். வேலை தொடங்கிய நாளில் வந்து பார்த்தபோது பளபளப்பு அப்படியே இருந்தது. இந்தத் தடவை சந்தனம் ஒன்றும் செய்யவில்லையே என்று சந்தோஷப்பட்டு, அதன் மேலேயே டின் மெழுகைத் தேய்த்து, கதவுக்கான செங்கால் பலகைகளை அறுக்கத் தொடங்கினாள். சட்டங்கள், நடுப்பலகைகள், பூவேலைக் கட்டைகள் எல்லாம் அந்த மேசைமேல்தான் வழுக்கிப் போயின. ஒரு மயிரிழை பிசகவில்லை. மூட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்த அழகைப் பார்த்து அவளே ஒரு தடவை விரலால் தடவிக்கொடுத்தாள்.

ஜமால் வார்னிஷ் அடித்தான். அடித்த சற்று நேரத்தில் கதவு முழுக்க வட்டம் வட்டமாகக் குழி விழுந்தது. வார்னிஷ் அந்த இடங்களில் நிற்காமல் விலகி விலகி ஓடியது. குணவதி ஜமாலைத் தனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் ஏசினாள். தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னாள். மறுபடியும் குழி, முன்னைவிட அதிகமாக. ஸ்ப்ரே குழாயில் தண்ணீர் என்றாள், கழற்றித் துடைத்தார்கள். வார்னிஷ் மட்டம் என்றாள், நடராஜா புது டின் வாங்கிவந்தார். மரத்தில் எண்ணெய் என்றாள், வெயிலில் வைத்தார்கள். குழி போகவில்லை. மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் அவள் திரும்பிப் பார்த்தாள், திறந்த வாய் மூடிக்கொண்டது.

விக்னேஸ்வரன் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார். கதவைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தார்.

"மாரியம்மா கதவுக்கே அம்மை போட்டிருக்கே, குணவதி. அம்மாவுக்கு இஷ்டம் இல்லைன்னு தெரியுது. அடுத்த ஞாயித்துக்குள்ள சரி வரலன்னா பினாங்குக்குப் போன் பண்ணிடுவேன்" என்றார். போகும்போது திரும்பி, "கரி நம்ம கோயில் அடுப்புலயே நிறைய இருக்கு" என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல கிண்டல் அது. இரண்டு நாளாக அதை வீட்டில் ஒத்திகை பார்த்திருப்பார்.

குணவதிக்கு அன்று அழுகை வந்தது, அதையும் அற்பமாக நினைத்து விழுங்கினாள். மறுநாள் வேலை முடியும் நேரத்தில் நடராஜா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"குணா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"கோச்சுக்குவேன். சொல்லுங்க."

"ஜித்ராவுக்குப் போய்ப் பரஞ்சோதியப் பாத்துட்டு வாயேன். பெயிண்ட் சமாச்சாரம், அவனுக்குத் தெரிஞ்சிருக்கலாம்லா."

"அவனுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான். சும்மா போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு நடராஜா வேகமாகக் காரில் ஏறிக்கொண்டார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

கெடாவில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை, பள்ளி இல்லாததால் வேன் சும்மா நின்றது. பழனியாண்டி வழக்கம்போல ஒன்றும் பேசாமல் ஓட்டினார். நெடுஞ்சாலையின் இருபுறமும் நெல் வயல்கள் வெயிலில் கிடந்தன. பரஞ்சோதியிடம் போய் நிற்பதைவிடப் பினாங்குக் கதவே மேல் என்று அலோர் ஸ்டார் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள். விக்னேஸ்வரன் சொன்ன கரி ஞாபகம் வந்தது. வேனைத் திருப்பச் சொல்லவில்லை.

பரஞ்சோதி தன் மச்சான் கடைவாசலில் ஒரு காரின் கண்ணாடிகளில் பெயிண்ட் படாமலிருக்கக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஒட்டி முடித்துவிட்டுத்தான் வந்தான்.

"வாங்கக்கா. கோப்பி குடிக்கிறீங்களா? நம்ம சரக்குதான்."

"உன் கோப்பியக் குடிக்க ஜித்ராவுக்கு வரல. கோயில் கதவுல வார்னிஷ் நிக்க மாட்டேங்குது. வட்டம் வட்டமா விலகுது. உனக்கு எதாவது தெரிஞ்சா சொல்லு, இல்லன்னா போறேன்."

"மேசையத் துடைச்சீங்களா?"

"எந்த மேசைய?"

"ரம்ப மேசையத்தான்கா. பூஜைக்குக் கார் பாலிஷ் போடுவீங்களே, அத."

பரஞ்சோதி கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அதுல சிலிக்கோன் இருக்குக்கா. கார்ல அது ஒரு துளி இருந்தாலும் மேல பெயிண்ட் நிக்காது, விலகி ஓடிடும். இந்தக் கடையில பெயிண்ட் அறைக்குள்ள பாலிஷ் புட்டியக் கொண்டு போனா மச்சான் அடிப்பாரு. உங்க மேசையில இருந்து பலகைக்குப் போயிருக்கும், பலகையில இருந்து தேய்க்கிற காகிதத்துக்கு, அதுல இருந்து கதவு முழுக்க. தேய்க்கத் தேய்க்க இன்னும் பரவும்லா."

"பொய் சொல்லாத. எத்தன வருஷமாப் போடறேன்! ஒரு தடவையும் இப்படி ஆகலையே!"

"நான் துடைச்சேன்கா" என்றான் பரஞ்சோதி. "பூஜையக் கலைக்கக் கூடாதுதான், ஆனாலும் மறுநாள் காலையில வந்து, தின்னர் போட்டு, துணிய மாத்தி மாத்தித் துடைப்பேன். நீங்க அதுக்கு அடுத்த நாள்தான வருவீங்க."

"நீ? காலையில?"

"பெயிண்ட் புடிக்கலன்னா ஏச்சு எனக்குத்தான விழும்? உங்க மேல பாசத்துல செஞ்சேன்னு நெனச்சுக்காதீங்க."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"ஆரம்பிச்சேன். 'ஸ்ப்ரே அடிக்கிறவன் ஸ்ப்ரேய அடி, மெழுகப் பத்தி எனக்கே பாடம் எடுக்காத'ன்னீங்க. சரின்னு விட்டுட்டேன்."

அவள் அப்படிச் சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் வார்த்தைகள் தன்னுடையவைதான் என்று தெரிந்தது. கதவைக் காப்பாற்ற வழி உண்டா என்று கேட்டாள். கேட்கும்போது குரல் தாழ்ந்துவிட்டது, அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. உண்டு என்றான் அவன். வார்னிஷை உரித்துவிட்டுத் தின்னரால் கழுவ வேண்டும், ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துணி, பழைய துணியை மறுபடி வைத்தால் எடுத்ததைத் திரும்பப் பூசுவதுதான். கழுவுவதற்கு முன்னால் தேய்க்கக் கூடாது. காய்ந்ததும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு பூச்சுப் பூசி மூடிவிட வேண்டும், அதற்கு மேல் வார்னிஷ் நிற்கும். முதலில் மேசையையும் ஜிக்குகளையும் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். கடைசியில் கோப்பிப் பொட்டலம் ஒன்றை அவள் கையில் திணிக்கவும் பார்த்தான்.

குணவதி எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"பரஞ்சோதி. இது நமக்குள்ள இருக்கட்டும்."

"எதுங்கக்கா?"

"இந்தப் பாலிஷ் சமாச்சாரம். யாருக்கும் தெரிய வேணாம்."

பரஞ்சோதி அவளைப் பார்த்தான். அந்த உதவாக்கரை முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அது அவளுக்கு அவன் கோப்பியைவிடக் கசந்தது.

"எல்லாருக்கும் தெரியுமேக்கா" என்றான். "நான் துடைக்கிற அன்னிக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. நடராஜா அண்ணன் எல்லாரும் சாப்பிட நாசி லெமாக் கட்டிட்டு வருவாரு. ஒருத்தன் உங்கள மாதிரியே இடுப்புல கைய வச்சுக்கிட்டு, 'இந்த யோசனை வேற எந்த மடையனுக்கும் வராது'ன்னு சொல்லிக் காட்டுவான். சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடும். எங்களுக்கு அதுதான்கா ஆயுத பூஜை."

"இந்த வருஷம் ஏன் யாரும் துடைக்கல?"

"நான் இல்ல. ஜமாலுகிட்டச் சொல்ல அண்ணன் மறந்துட்டாரு. அப்புறம் பலகையெல்லாம் அறுத்தாச்சு, உங்ககிட்ட யாரு வந்து சொல்றது? வந்து சொல்லுடான்னு அண்ணன் தினம் எனக்குப் போன் போட்டுக் கெஞ்சினாரு. நான் முடியாதுன்னுட்டேன். அதான் உங்களையே இங்க அனுப்பிட்டாரு."

வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வேன் நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ம்" என்றார் பழனியாண்டி.

"யாரு சொன்னா?"

"நடராஜா சொன்னாரு. ரொம்ப நாளாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பழனியாண்டி ஒரு லாரியை முந்திக்கொண்டு போய், பழைய தடத்துக்கு வந்து, பிறகு சொன்னார்: "எப்பச் சொல்றது?"

இத்தனை வருடமும் அவர் பேசாமலிருந்ததைக் குணம் என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பட்டறையைத் திறந்தாள். தின்னர் டின்னையும் ஒரு மூட்டைக் கிழிந்த பனியன் துணிகளையும் எடுத்துவைத்துக்கொண்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். ஒரு துடைப்பு, துணியை வீசு, அடுத்த துணி. பிறகு ஜிக்குகள், இழைப்பு இயந்திரம். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் செய்வதைப் பார்த்துத் தயங்கி, மேசையைச் சுற்றி நின்றார்கள். எங்கே நிற்பது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, பழகிய இடங்கள்போல இருந்தது. நடராஜாவும் வந்து நின்றார். கையில் ஒன்றும் வாங்கிவரவில்லை.

கதவைக் கழுவும்போது ஜமாலைக் கூப்பிட்டாள். தவறு உன்னுடையதல்ல என்று மலாய் மொழியில் சொன்னாள், ஏசுகிற குரலிலேயே சொன்னாள், வேறு குரல் அவளிடம் இல்லை. அவன் பயந்துபோய்த் தலையாட்டினான். இருவருமாகக் கழுவினார்கள். காய்ந்ததும் அரக்குப் பூசினார்கள். அடுத்த நாள் ஜமால் வார்னிஷ் அடித்தான். எல்லாரும் மறுபடி வந்து நின்றார்கள். வார்னிஷ் விலகவில்லை. செங்காலின் ரேகைகள்மேல் தட்டையாகப் படர்ந்து, அப்படியே நின்றது. விக்னேஸ்வரன் மத்தியானம் வந்து பார்த்து, பினாங்குக்குப் போன் பண்ண வேண்டியதில்லை என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் யாரும் கலையவில்லை. குணவதி துணியைக் கீழே போட்டாள். இடுப்பில் கையை வைத்தாள், அது பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று ஞாபகம் வந்து, எடுத்துவிட்டாள். எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பல வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்த முகங்கள்.

"வருஷா வருஷம் வயிறு புண்ணாகச் சிரிப்பீங்களாமே" என்றாள். "இந்தத் தடவ ஏன் ஒருத்தரும் சிரிக்கல? சிரிங்க. நான்தான் சொல்றேனே, சிரிங்க."

கடைசியில் நடராஜாதான், தரையைப் பார்த்துக்கொண்டு, சொன்னார்.

"இந்தத் தடவ நீ இருக்கியே, குணா."